கொரோனா டைம்ல ஃபீல்ட்ல வேலை செஞ்ச மிட்வைஃப் மிஸ்மார், பீஎச்ஐமார் (பொது சுகாதார பரிசோதகர்கள்) யாராச்சும் இருக்கீங்களா? உண்மையா எப்படி இருந்திச்சு?

மட்டக்குளி_பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பொது சுகாதார மருத்துவமாது ட்ரெய்னிங்குக்கு லெட்டர் வந்திருக்கு, அதான் நாம எல்லாரும் மிட்வைஃப் மிஸ்னு சொல்றது. ஒன்றரை வருஷ ட்ரெய்னிங், அதுக்கு அப்புறம் ஒரு ஏரியா தருவாங்க. சின்ன வயசுல இருந்து எனக்கு இந்த வேலையில ஆசை, எங்க தம்பி பொறந்தப்ப வீட்டுக்கு வந்து துணியில தொங்கப் போட்டு நிறை பார்த்த மிஸ்ஸோட முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா அம்மா வேணவே வேணாம்னு நிக்கிறாங்க. காரணம் கேட்டா 2020ஐ சொல்றாங்க, அந்த டைம் எங்க லேனுக்கு வந்த மிஸ்ஸை ஆளுங்க எப்படி நடத்தினாங்கன்னு கண்ணால பார்த்தவங்க. சொல்லப்போனா எங்க அம்மாவும்தான் கேட்டைத் திறக்காம ரோட்டுல நிக்க வெச்சு பேசி அனுப்பினாங்க, அதை அவங்களே என்கிட்ட சொன்னாங்க, சொல்லிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. இன்னொரு தடவை அப்படி ஒரு நோய் வந்தா உன்னையும் அப்படித்தான் நிக்க வெப்பாங்கன்னு சொல்றாங்க.

அதனாலதான் கேக்கிறேன். அந்த ரெண்டு வருஷத்துல எது உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்திச்சு? நோய் வந்திடுமோங்கிற பயமா, வேலைப் பாரமா, ஆளுங்களா, ஒஃபிஸா? பயமுறுத்தாம சொல்லணும்னு இல்ல, உள்ளதை அப்படியே சொல்லுங்க.

பழைய_மோட்டார்சைக்கிள் எழுதினது:

பிள்ளை, நான் பீஎச்ஐயா 31 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றனான், கடைசி எட்டு வருஷம் கொழும்பிலதான். நீர் கேட்டதுக்கு ஒரு வரியில பதில் சொல்லேலாது.

உள்ளூர் ஆக்களில முதல் நோயாளி 2020 மார்ச் 11ல வந்தது. 20ம் திகதி ஊரடங்கு போட்டாச்சு. அந்த ஒன்பது நாளுக்குள்ள எங்கட வேலை தலைகீழா மாறிட்டுது. அதுவரைக்கும் சாப்பாட்டுக் கடை பார்க்கிறது, டெங்கு நுளம்பு பார்க்கிறது, பள்ளிக்கூடத்தில ஊசி போடுறது, இதுகள்தான். அதுக்கு முந்தின வருஷம்தான் நாடு முழுக்க டெங்கு ஒரு லட்சத்தைத் தாண்டினது, அந்தக் களைப்பே எங்களுக்கு இன்னும் ஆறேல்ல. மழை பெய்தா டெங்கும் பார்க்கோணும், கொரோனாவும் பார்க்கோணும், ஆள் அதே ஆள்தான். மாஸ்க் ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு கணக்கு, பாதுகாப்பு உடுப்பு வரும்வரைக்கும் எங்களில சிலபேர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனது. பெற்றோல் சொந்தக் காசு, ஃபோன் சொந்த ஃபோன், ஒரு நாளைக்கு நூறு கோல்கூட எடுத்திருக்கிறன், டேட்டாவும் என்ரதான். இதெல்லாம் கஷ்டம்தான், ஆனா மனுசன் தாங்குவான்.

தாங்க முடியாமப் போனது வேற. எங்களுக்கு இருந்த சட்டம் 1897ம் ஆண்டு தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. ஒரு கடைக்காரன் கூட்டம் சேர்க்கிறான் எண்டா நாங்கள் என்னத்தைச் செய்யிறது எண்டு தெளிவில்லை. 2020 ஜூலையில எங்கட ஆக்கள் சட்டப்படி அதிகாரத்தைத் தெளிவாத் தாங்கோ எண்டு கேட்டு கொவிட் வேலையில இருந்து விலகி நிண்டவை, நானும் நிண்டனான். பிறகு ஒக்டோபரில புது ஒழுங்குவிதி வந்தது, மாஸ்க் போடாட்டி 10,000 ரூபா தண்டம் இல்லாட்டி ஆறு மாசம் மறியல் எண்டு. கேட்டது கிடைச்சது எண்டு நினைச்சம். ஆனா அதோட சனம் எங்களைப் பார்க்கிற பார்வை மாறிட்டுது பிள்ளை. நான் மோட்டார்சைக்கிளை நிப்பாட்டினா முந்தி "ஐயா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு கூப்பிட்ட தோட்டத்தில (கொழும்பில நெருக்கமா வீடுகள் இருக்கிற இடத்தைத் தோட்டம் எண்டுதான் சொல்லுறது), இப்ப பிள்ளையளை உள்ளுக்கு இழுத்துக் கதவைச் சாத்திச்சினம். பின்னால பொலிஸ் வருது எண்டு நினைப்பு. சில நேரம் உண்மையாவே வந்ததுதான்.

வீடு வீடாப் போற இந்த முறை 1926ல களுத்துறையில முதல் சுகாதார அலகு திறந்ததில இருந்து வந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷமாச் சேர்த்த நம்பிக்கை அது. அதை நாங்கள் ஒவ்வொரு வாசலிலயும் கொஞ்சம் கொஞ்சமாச் செலவழிச்சம் எண்டுதான் எனக்குப் படுது. உம்மட அம்மா பயப்பிடுறதில நியாயம் இருக்கு.

14_வருஷ_மிஸ் எழுதினது:

தங்கச்சி, வாழ்த்துக்கள் முதல்ல. நான் இன்னும் சேவையில இருக்கிறதால ஏரியா பேர் சொல்லல, வட கொழும்பு பக்கம்னு வெச்சுக்கோங்க. ஐயா சொன்ன அந்த வாசல் கதையை நானும் சொல்றேன், ஏன்னா எங்களுக்கு அது இன்னும் ஆழமா பட்டிச்சு, பீஎச்ஐயை ஆளுங்க எப்பவுமே கொஞ்சம் பயத்தோடதான் பார்ப்பாங்க ஆனா மிட்வைஃபை அப்படி பார்க்கிறதில்ல. நாங்க ஒரு பொண்ணு கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து அவங்க பேரை எழுதி வெச்சிருப்போம், வயித்துல புள்ள தங்கினா எட்டு வாரத்துக்குள்ள பதிவு செய்யப் பார்ப்போம், புள்ள பொறந்தா முதல் பத்து நாளைக்குள்ள ரெண்டு தடவை வீட்டுக்குப் போகணும், பால் ஒழுங்கா குடிக்குதா தாய்க்கு காய்ச்சல் இருக்கா தையல் சரியா இருக்கா எல்லாம் பார்க்கணும். புருஷன் அடிக்கிறான்னா அதுவும் எங்ககிட்டதான் வரும். மாமியாருக்கு தெரியாத விஷயம்கூட எங்க கொப்பியில இருக்கும்.

அப்படி இருந்த எனக்கு 2020 ஒக்டோபர் மாசம் என்ன நடந்திச்சுன்னா, பேலியகொட மீன் மார்க்கெட்ல இருந்து பரவத் தொடங்கி மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் எல்லாம் ஊரடங்கு. எங்க ஏரியாவுல நிறைய பேர் மார்க்கெட்ல நாட்டாமை வேலை, அதான் மூட்டை தூக்குறது, இல்லாட்டி மீன் வெட்டுற வேலை. பிசிஆர் எடுக்கிறதுக்கு யார் யார் எந்த வீடுன்னு காட்டச் சொன்னாங்க, ஒஃபிஸ்ல இருந்த யாருக்கும் அந்த சந்து பொந்து தெரியாது, எனக்குத் தெரியும். நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு இரவு பதினொரு மணிக்கு லிஸ்ட் வந்திச்சு, அதுல நான் கிளினிக் பார்க்கிற ஒரு தாயோட பேர், ஏழு மாசம். அம்புலன்ஸ் சிவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு தோட்டத்து வாசலுக்கே வந்து நின்னிச்சு. எல்லாரும் ஜன்னல்ல. அந்தப் புள்ள கையில ஒரு சிலிசிலி பேக்கைப் பிடிச்சுக்கிட்டு, மூத்த மகனை அத்தைக்காரிகிட்ட குடுத்துட்டு, என்னைப் பார்த்து "மிஸ் நீங்கதானே வீட்டைக் காட்டினது"ன்னு ஒரு வார்த்தை கேட்டிச்சு. நான் பதில் சொல்லல. என்ன சொல்ல.

அடுத்த நாள்ல இருந்து அந்தத் தோட்டத்துல அத்தனை வருஷமா திறந்த கதவு எதுவும் திறக்கல. ஃபோன் பண்ணினா கட் பண்றாங்க. ஒரு வீட்டுல பொறந்து ஆறு நாளான புள்ள, அதுக்கு உடம்பு மஞ்சளா இருக்குன்னு பக்கத்து வீட்டு ஆள் மெல்லமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியில நின்னு "புள்ளயை வெளிச்சத்துல தூக்கிக் காட்டுங்க, காலைக் காட்டுங்க, உள்ளங்காலும் மஞ்சளா"ன்னு கத்தினேன். கால் வரைக்கும் மஞ்சள். அவங்களுக்கு ஹொஸ்பிட்டல் போகப் பயம், போனா பிசிஆர் எடுப்பாங்க, குடும்பத்தையே கொண்டு போவாங்கன்னு. நான் என் புருஷனுக்கு ஃபோன் பண்ணி எங்க ஓட்டோவை ஊரடங்கு பாஸோட வர வெச்சு தாயையும் புள்ளயையும் அனுப்பினேன். புள்ள இப்ப நல்லா இருக்கு, நேசரி போகுது.

அதுக்கு அப்புறம் நான் ஒஃபிஸ்ல சண்டை போட்டு ரெண்டு விஷயம் மாத்தினேன். எங்க ஏரியாவுக்கு அம்புலன்ஸ் வந்தா மெயின் ரோட்டுல நிக்கணும், லைட்டை அணைக்கணும். லிஸ்ட்ல கர்ப்பிணித் தாய் இருந்தா இரவுல கொண்டு போறதுக்கு முன்னாடி எனக்கு சொல்லணும், நான் முதல்ல ஃபோன்ல பேசி எங்க கொண்டு போறாங்க, என்ன எடுத்துட்டுப் போகணும், மூத்த புள்ளய யார்கிட்ட விடலாம்னு கதைச்சு வெப்பேன். இது ரெண்டும் பெரிய விஷயமே இல்ல, காசு செலவும் இல்ல, ஆனா யாரும் எங்ககிட்ட முதல்லயே கேக்கல. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான், உடுப்பு லேட்டா வந்ததைக்கூட மன்னிச்சிடலாம்.

அந்த ஏழு மாசத் தாய் நல்லபடியா பெத்து வந்தா. இப்பவும் ரோட்டுல கண்டா தலையைத் திருப்பிக்கிட்டுப் போவா. புள்ளய கிளினிக்குக்கு கொண்டு வர்றது மாமியார்தான்.

தெமட்டகொட_வாசி எழுதினது:

எல்லாம் சரி, ஆனா எனக்கு ஒரு விஷயம் சொல்லணும். எங்க அப்பா குப்பை லொறியில வேலை செஞ்சவர். அந்த ரெண்டு வருஷமும் குவாரன்டைன் வீட்டுக் குப்பையை அவரும் அவரோட ஆளுங்களும்தான் அள்ளினாங்க, நாள் சம்பளத்துக்கு. ஊசி வந்தப்ப முதல்ல ஹெல்த், அப்புறம் ஆர்மி பொலிஸ், இவங்களை நெனைச்சுப் பார்க்க நாளாச்சு. அதனால ஹெல்த் ஆளுங்க மட்டும்தான் கஷ்டப்பட்டாங்கன்னு பேசினா எனக்கு ஏத்துக்க முடியல. உங்களுக்கு பென்ஷன் இருக்கு.

14_வருஷ_மிஸ் எழுதினது:

தம்பி நீங்க சொல்றது நியாயம், நான் மறுக்கவே மாட்டேன். எங்களுக்கு 2021 ஜனவரி கடைசியிலயே முதல் ஊசி கிடைச்சிது, உங்க அப்பாவோட ஆளுங்க அதே வீட்டு வாசல்ல நின்னவங்க. எங்க ஏரியா லொறிக்காரங்கதான் எனக்கு எந்த வீட்டுல சாப்பாடு இல்லன்னு சொல்றது, ஏன்னா குப்பையைப் பார்த்தா தெரியும், மூணு நாளா மரக்கறித் தோல்கூட இல்லாத பேக் வருதுன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியலன்னு அர்த்தம்னு ஒரு அண்ணன் சொன்னார். அதை வெச்சு நான் கிராம சேவகருக்கு ஃபோன் பண்ணுவேன். அப்பா இப்ப எப்படி இருக்கார்?

தெமட்டகொட_வாசி எழுதினது:

இருக்கார் மிஸ். மூச்சு கொஞ்சம் எடுக்கும், மத்தபடி நல்லா இருக்கார். கேட்டதுக்கு நன்றி.

மாளிகாவத்த_உம்மா எழுதினது:

இதை எழுதவா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கதவை மூடின ஆளுங்கள்ல நானும் ஒருத்தி, அதனால எங்கட பக்கத்தையும் சொல்லணும்.

2020 நவம்பர்ல எங்கட வாப்பாவுக்கு காய்ச்சல். 71 வயசு, சீனி வருத்தமும் இருந்த. எங்களுக்கு நல்லா விளங்கிச்சு அது என்னன்னு. அஞ்சு நாள் மறைச்சோம். பெனடோலும் கொத்தமல்லித் தண்ணியும் குடுத்துக்கிட்டு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தி இருமல் வெளிய கேக்காம டீவி சத்தத்தைக் கூட்டி வெச்சோம். ஏன்னு கேளுங்க. ஹொஸ்பிட்டல்ல மௌத்தானா எரிச்சிடுவாங்க, அதுதான். அந்த வருஷம் ஏப்ரல்லயே கெஸட் போட்டாச்சு கொரோனால மௌத்தானா எரிக்கத்தான் வேணும்னு, உலக சுகாதார அமைப்பு அடக்கலாம்னு சொல்லியும் கேக்கல. டிசம்பர்ல பொறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரிச்சாங்க, பொரளை கனத்தை மயானத்துக் கம்பியில எதிர்ப்புக்கு வெள்ளைத் துணி கட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நானும் கட்டின. எங்கட வாப்பா படுத்த படுக்கையில கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், என்ன நடந்தாலும் என்னைய மண்ணுல வைங்கன்னு. அதைக் கேட்டுட்டு எப்படி அம்புலன்ஸுக்கு கோல் எடுக்கிறது?

ஆறாவது நாள் எங்கட ஏரியா பீஎச்ஐ வந்தார், சிங்கள ஆள், வயசு கம்மி. கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டு சத்தம் போடாம உடைஞ்ச தமிழ்ல சொன்னார், "அம்மா கெஸட்டை என்னால மாத்த ஏலாது, ஆனா இப்ப கொண்டு போனா வாப்பாவை உயிரோட திருப்பிக் கொண்டு வரலாம், லேட்டானா ஏலாது." அவ்வளவுதான் சொன்னார், சட்டம் கதைக்கல, பொலிஸ் கதைக்கல. நாங்க கதவைத் திறந்தோம். வாப்பா பதினெட்டு நாள் இருந்து வந்தார், அல்ஹம்துலில்லாஹ், இன்னும் எங்களோட இருக்கார். 2021 பெப்ரவரி கடைசியிலதான் கெஸட்டை மாத்தி, மார்ச்ல ஓட்டமாவடியில அடக்கத் தொடங்கினாங்க. அதுவரைக்கும் எத்தனை வீட்டுல எங்களைப் போல மறைச்சிருப்பாங்க.

தங்கச்சி, உங்கட உம்மாவுக்கு சொல்லுங்க, கதவை மூடினது அந்த மிஸ் மேல வெறுப்புல இல்ல. மேல எடுத்த முடிவுக்கு வாசல்ல வந்து நின்ன ஆளு திட்டு வாங்கினாங்க. அதை நாங்களும் உணர நாளாச்சு.

பழைய_மோட்டார்சைக்கிள் எழுதினது:

மகள், உம்மட பதிலை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனைக் கீழ வைச்சிட்டன்.

அந்தக் காலத்தில குடும்பத்துக்கு ஃபோன் எடுத்து, ஆள் செத்தது, எத்தினை மணிக்கு எரிக்கிறம், ஆர் ஆர் வரலாம் எண்டு சொல்லுறது எங்கட வேலையில ஒண்டு. முஸ்லிம் வீடு எண்டா எனக்கு வார்த்தை வராது. ஒருக்கா ஒரு தாய் "உங்களுக்கும் பிள்ளையள் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா. நான் ஓம் எண்டன். அவ வைச்சிட்டா. அந்த உத்தரவு பிழை எண்டு என்ர மனசுக்குத் தெரியும், ஆனா ஃபோனில அதைச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, துணிவும் இருக்கேல்ல. எங்களோட வேலை செய்தவைக்கு இதைப் பற்றிக் கதைக்க ஒரு இடம் இருக்கேல்ல. கவுன்சலிங் எண்டு ஒண்டு எங்களுக்கு ஒருநாளும் தரேல்ல. இப்ப இஞ்ச எழுதுறதுதான் முதல் தரம்.

கொச்சிக்கடை_ராணி எழுதினது:

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லல, பாஷை. எங்க ஃப்ளட்ஸ்ல முக்கால்வாசி தமிழ் பேசுறவங்க. கொன்டாக்ட் ட்ரேசிங்னு ஃபோன் வரும், சிங்களத்துல வேகமா கேப்பாங்க, எங்க பாட்டிமார் "ஒவ் ஒவ்"னு, அதான் ஆமா ஆமான்னு, எல்லாத்துக்கும் சொல்லிடுவாங்க, அவங்க என்ன எழுதிக்கிட்டாங்களோ தெரியாது. எங்க மாடியில ஒரு ஏலெவல் படிக்கிற புள்ளதான் நாலு மாசம் எல்லா வீட்டுக்கும் மொழிபெயர்ப்பு, ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு படிக்கட்டுல உக்காந்துக்கிட்டு. தமிழ் தெரிஞ்ச மிஸ் ஒருத்தர் வந்தா எவ்வளவு வித்தியாசம்னு எங்களைக் கேட்டா தெரியும். அதனால தங்கச்சி நீங்க போங்க.

14_வருஷ_மிஸ் எழுதினது:

ராணி சொன்னது ரொம்ப உண்மை. ஊசி டைம்லயும் அதேதான். 2021ல முதல் கோவிஷீல்ட் போட்டுட்டு ரெண்டாவது ஊசி வரல, இந்தியாவுல நிலைமை மோசமாகி ஏற்றுமதியை நிப்பாட்டிட்டாங்க, நாடு முழுக்க ஆறு லட்சம் பேர் கிட்ட காத்துக்கிட்டிருந்தாங்க. ஜூலை கடைசியில ஜப்பான்ல இருந்து வந்துதான் குடுத்தோம். அந்த இடைப்பட்ட மாசங்கள்ல தெருவுல என்னைக் கண்ட ஒவ்வொரு ஆளும் கேட்டது "மிஸ் ரெண்டாவது ஊசி எங்க"ன்னுதான், ஏதோ என் பேக்ல ஒளிச்சு வெச்சிருக்கிற மாதிரி. எங்களுக்கே டீவி நியூஸ்லதான் தெரியும், அவங்களுக்குத் தெரிஞ்ச அதே நேரம். ஜூன்ல கர்ப்பிணிமாருக்கு சைனோஃபாம் போடலாம்னு வந்தப்ப, போட்டா புள்ளைக்கு ஆகாதுன்னு வாட்ஸப்ல வொய்ஸ் ஒண்ணு சுத்திச்சு, தமிழ்ல. அதுக்கு பதில் குடுக்க தமிழ்ல ஒரு துண்டு கூட எங்க கையில இல்ல. நானே ஒரு வொய்ஸ் பேசி எங்க தாய்மார் குரூப்ல போட்டேன். என் குரல் தெரியும்கிறதால நம்பினாங்க, எங்க லிஸ்ட்ல முக்கால்வாசிப் பேர் வந்தாங்க.

உடம்பு கஷ்டத்தையும் சொல்லணும், பொம்பளைங்களுக்கு இது முக்கியம். அந்த உடுப்பைப் போட்டா நாலஞ்சு மணித்தியாலம் கழட்ட ஏலாது, கொழும்பு வெயில்ல உள்ளுக்கு வேர்வை ஊத்தும், லிஃப்ட் வேலை செய்யாத ஃப்ளட்ஸ்ல பன்னிரண்டாவது மாடி. டொய்லட் போக ஏலாதுன்னு தண்ணி குடிக்க மாட்டோம், எங்க செட்ல மூணு பேருக்கு யூரின் இன்ஃபெக்ஷன். மாத வருத்தம் வந்த நாள் இன்னும் மோசம். எங்க ஒஃபிஸ்ல மேல இருந்தவங்க யாரும் அதை ஒரு பிரச்சினையா எடுக்கல. ஒரு சின்ன மிஸ் போர்டிங்ல இருந்தா, அவளோட சாமானை வீட்டுக்காரர் வெளிய வெச்சிட்டார், ரெண்டு வாரம் எங்க வீட்டு ஹோல்லதான் படுத்தா. அது முடிஞ்சு மூச்சு விட்டா 2022ல பெற்றோல் இல்ல. ஸ்கூட்டியை நிப்பாட்டிட்டு நடந்தேன். இப்ப எங்ககூட இருந்தவங்கள்ல பலர் வெளிநாடு போயிட்டாங்க, அவங்க ஏரியாவையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். இதையும் தெரிஞ்சு வாங்க.

மட்டக்குளி_பொண்ணு எழுதினது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இவ்வளவு பேர் இவ்வளவு மனசைத் திறந்து எழுதுவீங்கன்னு நான் நெனைக்கல. மாளிகாவத்த அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாங்க. இன்னும் சரின்னு சொல்லல, ஆனா லெட்டரை அலுமாரியில பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க.

மிஸ்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க எங்க ஏரியா மிஸ்ஸா இருந்தா மன்னிச்சிடுங்க, இல்லாட்டியும்தான். ஏரியா கிடைச்சா என் சொந்த ஃபோன் நம்பரைத் தாய்மாருக்கு குடுக்கலாமா? சிலபேர் குடுக்கவே கூடாதுன்னு சொல்றாங்க, இரவு பகல் இல்லாம எடுப்பாங்களாம்.

14_வருஷ_மிஸ் எழுதினது:

நான் உங்க ஏரியா மிஸ் இல்ல தங்கச்சி, ஆனா அவங்களை எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், அவங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கிற ஆள் இல்ல.

நம்பர் குடுங்க. ஆனா ரெண்டு சிம் போடுற ஃபோன் ஒண்ணு வாங்கி வேலைக்குத் தனி நம்பர் வெச்சுக்கோங்க, முதல் நாளே. நான் அதை 2021லதான் செஞ்சேன், அதுக்குள்ள என் மகளோட ஸ்கூல் குரூப்ல இருந்து எல்லா இடத்துலயும் என் நம்பர் சுத்திடுச்சு. இரவு பத்துக்கு அப்புறம் யார் யார் எடுக்கலாம்னு தாய்மாருக்கு முதல் கிளினிக்லயே சொல்லிடுங்க, ரத்தம் போனா, தண்ணி உடைஞ்சா, புள்ள ஆட்டம் குறைஞ்சா, வலிப்பு வந்தா மட்டும், அதுவும் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்துட்டுத்தான் உங்களுக்கு. சொன்னா கேப்பாங்க. அப்புறம் அவங்க நம்பர் எல்லாத்தையும் ஃபோன்ல மட்டும் வெக்காம கொப்பியிலயும் எழுதுங்க, வீட்டு நம்பர் மட்டும் போதாது, எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவுக் கலர்னும் எழுதுங்க. எங்க தோட்டத்துல ஒரே வீட்டு நம்பர் நாலு கதவுக்கு இருக்கு.